பன்னிரண்டு நாள் வேலை

வேலை பன்னிரண்டாம் நாளே முடிந்துவிட்டது. ஃபிட்டர் பாவாடை அதை மதாமிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நன்றி என்று ஒரு 'மெர்சி' கிடைத்திருக்கும். ஒரு தம்ளர் காப்பி கிடைத்திருக்கும். அதோடு கதவும் மூடியிருக்கும். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மூலக்குளத்து இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மிக்ஸி எந்தெந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால், "இன்னா பாவாடை, அசையுதா?" என்று மதாம் சமையலறையிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"இன்னும் முரண்டு புடிக்குது மதாம்."

ஜூலையில் ஆரம்பித்த பொய். தீபாவளி வரைக்கும் ஓடியது.

பாவாடைக்கு வயது அறுபத்திரண்டு. மில்லில் தறிக்கூடத்து ஃபிட்டர். மில் மூடியபிறகு மோட்டார் பம்பு, கேட்டு, தையல் மெஷின் என்று எது கெட்டாலும் கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்சாதி கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். ஒரே பெண் சிந்துஜா, ஒசூரில் புருஷனோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும்.

"அப்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டன்."

"இன்னா?"

"சோறுதான்."

"கொழம்பு?"

"அதுவும்தான்."

"உடம்பப் பாத்துக்கோ. வெச்சிடட்டா?"

வைத்துவிடுவாள். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தப் போனில் வருவதெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்பிள்ளைகள். சில நாள் அவர்களிடமும் ரெண்டு நிமிஷம் பேசிப் பார்த்திருக்கிறார் பாவாடை. அவர்களுக்கும் நேரமில்லை.

மதாம் அமலோற்பவத்தின் வீடு மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்தில். தெருவில் எல்லாரும் சொல்தா வீடு என்பார்கள். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, ஜிபுத்தி, மர்சேய் எல்லாம் சுற்றி, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவர் காலமாகி ஆறு வருஷம். பிள்ளை ஒருத்திதான், பிரான்சில், துலூசில். இந்த வீட்டிலும் போன் ஞாயிற்றுக்கிழமைதான் அடிக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு.

ஜூலை ஆரம்பத்தில் மோட்டார் பம்பு கெட்டதென்று கூப்பிட்டார்கள். அரை மணி வேலை. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டும்போதுதான் கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தார்.

முதலில் அது துப்பாக்கி என்றே தெரியவில்லை. ஆறு இரும்புக் குழலை வட்டமாகச் சேர்த்து நெல்லிக்காய்க் கொத்து மாதிரி ஒரு முனையில் வைத்திருந்தது. பின்னால் யானைத் தந்தமா எலும்பா என்று தெரியாத வெள்ளைப் பிடி. விசை இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம். மேலெல்லாம் கறுப்புத் துரு.

"அது இன்னாது மதாம்?"

"அதுவா? பிஸ்தோலே. எங்க வீட்டுக்காரரு மிஸ்யேவோட பாட்டனாருக்கு யாரோ வெள்ளைக்காரன் குடுத்தது. நூத்தம்பது வருஷம் இருக்கும். ஆறு குழல் இருக்கு, பாருங்க. ஒவ்வொண்ணா சுத்திச் சுத்திச் சுடுமாம். மிஸ்யே சொல்வாரு, அவரு பொறந்ததுலேருந்து ஒரு தடவகூட சுத்தலன்னு. எறுகிப் போச்சு."

எறுகிப் போச்சு. ஃபிட்டர் காதில் விழக் கூடாத வார்த்தை அது. நாக்கில் எச்சில் ஊறிவிட்டது மனுஷனுக்கு.

"நான் வேணா கொஞ்சம் பாக்கட்டா மதாம்?"

"பாருங்களேன். இங்கயே ஒக்காந்து பாருங்க. வெளியில எடுத்துகினு போகக் கூடாது. போலீஸ் பேப்பர் இருக்கு அதுக்கு."

கூடத்து ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். மேசைமேல் பழைய தினசரி விரித்து, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு பாவாடை உட்கார்ந்தார்.

மூன்று நாள் மண்ணெண்ணெயிலேயே ஊறவைத்தார். நாலாம் நாள் பிடியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"மதாம், இங்க வாங்க! இது நம்ம தறி மதாம்!"

"தறியா?"

"துணி சுத்தற உருளை ஒண்ணு தறியில இருக்கும். ஒரு ஊடை நூலு ஓடினா ஒரு பல்லு நகரும். சரியா ஒரே ஒரு பல்லு. அதுக்கு மேல நகரக் கூடாது, நகராமயும் இருக்கக் கூடாது. பல்லுச் சக்கரத்தை ஒரு கொக்கி தள்ளும், இன்னொரு கொக்கி பின்னால போகாம புடிச்சுக்கும். இங்கயும் அதேதான். கொத்தோட முதுகுல பாருங்க, ஆறு பல்லு."

மதாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"விரலை வளையத்துல விட்டு இழுக்கறோம்னு வைங்க. ஒரே இழுப்புல நாலு வேலை நடக்கணும். உள்ளாற சுத்தியல் மாதிரி ஒரு சின்ன சுத்தி இருக்குது, அது பின்னால போவணும். அது போறப்பவே இந்தக் கொக்கி பல்லைத் தள்ளிக் கொத்தை ஆறுல ஒரு பங்கு சுத்தணும். சுத்தினது அசையாம ஒரு முளை வந்து பூட்டணும். பூட்டின அப்புறம்தான் சுத்தி விடுபட்டு முன்னால அடிக்கணும். கீழ இருக்குற குழல்தான் வெடிக்கும். மறுபடி இழுத்தா அடுத்த குழல் கீழ வரும்."

"வரிசை மாறிட்டா?"

"மாறினா ரெண்டு குழலுக்கு நடுவுல அடிக்கும். ஒண்ணும் ஆவாது. இல்ல, நெருப்பு பக்கத்துக் குழலுக்குத் தாவி ஆறும் ஒண்ணா வெடிச்சுடும். புடிச்சிருக்கறவன் கை போயிடும்."

"மோன் தியே!" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார் மதாம். ஆனால் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோளாறு மூன்று இடத்தில். நடு அச்சு துருவில் ஒட்டிக்கொண்டது. சுத்தியை அடிக்க வைக்கிற ஸ்பிரிங் வில் உடைந்தது. பல்லைத் தள்ளும் கொக்கியின் மூக்கு தேய்ந்து மழுங்கிவிட்டது. கடையில் போய் வாங்கக்கூடிய சாமானா? வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா நிறைய மில் சாமான் வைத்திருந்தார். மில் மூடின அன்றைக்கு எல்லாரும் வேறு எதை எதையோ எடுத்துப் போக, இவர் எடுத்துவந்தது அதுதான். அதில் ஒரு பட்டை வில்லைத் தேய்த்து மடக்கினார். தறிக் கொக்கித் துண்டு ஒன்றை அரத்தால் ராவி ராவி, அரிசி அளவு மூக்கு வைத்தார். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மதாம் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது வளையத்தை இழுத்தார்.

கொத்து சுற்றியது. முளை பூட்டியது. சுத்தி அடித்தது.

டக்.

ஆறு தடவை இழுத்தார். ஆறு டக். கூப்பிட்டுச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மாடிப்படியில் மதாமின் செருப்புச் சத்தம் கேட்டது. அடுப்பில் பால் வைக்கப் போகிற சத்தம். வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். நாலு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போவார். மதாம் பட்டாளத்துக் கதை சொல்வார், ஜிபுத்தி வெயில் சொல்வார், துலூசில் மகள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் பக்கத்து ஃப்ளாட்காரி ஜன்னலைச் சாத்துவதைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வடகம் தாளித்த கறி கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார். பாவாடை மில் கதை சொல்வார். மாவு மில், தறி மில், பம்பு, மோட்டார். வேறு எதையும் பேச அவருக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், அதை ஓட்டிக் காட்டாமல் இருக்கிற பொறுமை போய்விட்டது. தெருவில் பிள்ளைகள் சிந்திவிட்டுப் போன கேப்பு வெடிச் சுருள் ஒன்று கிடந்தது. ஆறு புள்ளிகளைக் கிழித்து, ஒவ்வொரு குழலுக்குப் பின்னாலும் இருந்த சின்னக் காம்பில் ஒட்டினார்.

"மதாம், காதைப் பொத்திக்கோங்க."

பட். பட். பட். ஆறும் வெடித்தது. கூடம் முழுக்கக் கந்தக வாசனை. எழுபத்தோரு வயசு மதாம் சின்னப் பெண் மாதிரி கைதட்டினார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"மிஸ்யே பாக்கலியே பாவாடை. பாத்திருந்தா ஒரு பாட்டிலத் தொறந்திருப்பாரு."

காப்பி வந்தது. அதோடு அந்தச் செய்தியும் வந்தது.

"மகள் டிக்கெட் போட்டுட்டா. இந்த மாசம் இருபத்தெட்டாந்தேதி. இனிமே அங்கதான். தனியா இருக்காதம்மான்னு ஒரே சண்டை. வீட்ட விக்கவும் பேசி முடிச்சாச்சு."

பாவாடை காப்பியை ஆற்றினார். ஏற்கெனவே ஆறின காப்பி.

"நல்லதுதான மதாம்," என்றார்.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது.

துப்பாக்கியைப் பிரான்சுக்குக் கொண்டுபோக முடியாது. பழைய சொல்தாக்கள் சங்கத்துக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம் என்றார்கள். ஆனால் போலீஸ் பேப்பர் மிஸ்யே பேரில் இருக்கிறது. சங்கத்துப் பேருக்கு மாற்ற, போலீஸ் ஆயுதப்படையில் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கள் காலை பதினோரு மணிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை மதாம் அந்த மஞ்சள் காகிதத்தை எடுத்துப் பாவாடையிடம் நீட்டினார்.

'துருவால் இறுகியது. இயங்காது. பழுது பார்த்தாலும் பயன்படாது. எனவே ஆயுதமாகக் கொள்ளத் தக்கதன்று.' ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் யாரோ ஒரு ஆர்மரர், ஆயுதம் பழுது பார்க்கிற போலீஸ்காரர், போட்ட கையெழுத்து.

"இப்பதான் அது ஓடுதே பாவாடை," என்றார் மதாம் மெதுவாக.

பாவாடை காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். நாற்பது வருஷமாக அலமாரியில் கிடந்த பொம்மை. அதை நிஜத் துப்பாக்கி ஆக்கி வைத்தது யார்? இவர்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஓடுகிற துப்பாக்கி என்றால் வழக்கு. வழக்கென்றால் கோர்ட்டு. கோர்ட்டு முடிகிறவரைக்கும் வெளிநாடு போக விடுவார்களா?

"கடல்ல போட்டுடலாமா மதாம்?"

"பேப்பர் இருக்கே. சாமான் எங்கன்னு கேப்பாங்க இல்ல?"

"அப்ப பழையபடி கெடுத்துடறன். நாலு நாள் இருக்குது. குடுங்க."

முதல் தடவையாக அது அந்த வீட்டை விட்டு வெளியே போனது. துண்டில் சுற்றி, மீன் வாங்குகிற பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தார் பாவாடை. வில்லியனூர் ரோடு முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மடியில் ஆறு குழலும் இடித்தன.

வெள்ளிக்கிழமை காலை. மழை. முறத்தில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்புத் தண்ணீர் கரைத்தாகிவிட்டது. உள்ளே ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. யாரும் கூப்பிடாமல், கதவைத் தட்டாமல் வந்தது.

ஊற்றாமல் விட்டால்?

திங்கட்கிழமை ஓடும். வழக்குப் போடுவார்கள். மதாம் போக முடியாது. எழுபத்தோரு வயசுப் பொம்பளையை ஜெயிலிலா போடப்போகிறார்கள்? வாய்தா வாங்கிக்கொண்டு இருப்பார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நாலு மணி ஆனால் காப்பி.

"சீ," என்றார் வாய்விட்டு. வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

உப்புத் தண்ணீரை ஊற்றினார். வில்லைத் தளர்த்திவிட்டார். ஆனால் கொக்கியின் மூக்கை உடைக்கக் கை வரவில்லை. எட்டு நாள் ராவிய மூக்கு அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் நன்றாக ஒட்டிக்கொண்டு, செங்கல் நிறத்தில் துருப் பூத்திருந்தது. அன்றைக்குப் பத்து மணிக்குச் சிந்துஜா பேசினாள். என்ன குழம்பு என்று கேட்டாள். "உப்பு," என்று சொல்லிவிட்டு, "இல்ல, புளி," என்றார்.

திங்கட்கிழமை ஆயுதக் கிடங்கில் இருந்தவர் மதிவாணன் என்கிற ஆர்மரர் ஏட்டு. நாற்பது வயசிருக்கும். நல்ல மனுஷர். மதாமுக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி அனுப்பி, துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இந்த மாதிரி ஒண்ணு போட்டோலதான் பாத்திருக்கேன் மேடம். ஐயா யாரு?"

"பாவாடை. எங்க வீட்டு வேலையெல்லாம் பாக்கறவரு. துணைக்கு வந்தாரு."

மதிவாணன் வளையத்தில் விரலை விட்டு இழுத்தார். அசையவில்லை. பலமாக இழுத்தார். முக்கினார். ஊகும்.

"சரி, முடிஞ்சது. ஸ்டாம்ப் பேடு எங்கடா வெச்சேன்..." என்று இழுப்பறையைத் திறந்தவர், சும்மா இருந்திருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரும் கண்ணில் பட்டது. ஆர்மரர் ஆயிற்றே. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்காமல் விடுவாரா? பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டார்.

பாவாடை ஒரு அடி கிட்டே வந்தார்.

"ம்... இது அந்தக் காலத்திலயே ஓடியிருக்காது மேடம்," என்றார் மதிவாணன், டார்ச்சை அடித்துக்கொண்டு. "ரிவால்வர் வர்றதுக்கு முன்னாடி எவனோ தடுமாறினது இது. குழல் சுத்தாம நின்னு, பின்னால குண்டு இருக்கற உருளை மட்டும் சுத்தினாத்தான் சரி. இங்க மொத்தக் குழலையும் தூக்கிச் சுத்தறான். மூக்கு கனம். குறி பாக்க முடியாது. அலங்காரத்துக்குச் செஞ்சது."

மதாம் தலையாட்டினார். பாவாடை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இந்தக் கொக்கியப் பாருங்க. பல்லைத் தள்ற கொக்கி. மூக்கு இவ்ளோ சின்னதா வெச்சிருக்கான். யாரோ கத்துக்குட்டி செஞ்சது. இது ஜென்மத்துக்கும் தள்ளாது."

"தள்ளாதா?"

சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பதே பாவாடைக்கு ஒரு விநாடி கழித்துத்தான் தெரிந்தது.

"தள்ளாது பெரியவரே. பெரிய மூக்கா இருந்தா..."

"பெருசா இருந்தா ரெண்டு பல்லைக் கடிக்கும் சார். சுத்தறது நிக்காது. பூட்டற முளை வந்து உக்காரதுக்குள்ள கொத்து தாண்டிப் போயிடும். மூக்கு சின்னதாதான் இருக்கணும். பல்லு உசரத்துல பாதிக்கு ஒரு மயிரளவு கம்மி. உங்ககிட்ட மண்ணெண்ண இருக்குதா?"

"பாவாடை," என்றார் மதாம்.

அவர் காதில் விழவில்லை. மண்ணெண்ணெய் வந்தது. பத்து நிமிஷம். வில்லை இறுக்கினார். அச்சை ஒரு தட்டுத் தட்டினார். உப்புத் துரு, பொடி பொடியாகக் கொட்டியது. அப்புறம் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துப் பிடித்து, வளையத்தை இழுத்தார்.

"சத்தத்த எண்ணுங்க சார். இது சுத்தி பின்னால போறது. இது கொக்கி. இது முளை. இது அடி."

டக். டக். டக். டக். டக். டக்.

ஆறு தடவை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி.

வெளியே தகரக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. டீ கொண்டுவந்த ஆள் டீயோடு நின்றுவிட்டான்.

மதிவாணன் துப்பாக்கியை வாங்கி மேசைமேல் வைத்தார். டீக்காரனைப் பார்த்து, "வெச்சிட்டுப் போ, கதவச் சாத்து," என்றார்.

"பெரியவரே, நீங்க இப்ப இன்னா பண்ணீங்கன்னு தெரியுதா?"

தெரிந்தது. அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மதாமைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தொழில் ரோஷத்தில்தான் பேசினோமா? இல்லை, வெள்ளிக்கிழமை காலை வந்த நினைப்பு இன்னும் உள்ளே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நாக்கைப் பிடித்து இழுத்ததா? பாவாடைக்கே அது தெரியவில்லை.

"துருவப் பாத்ததும் எனக்குச் சந்தேகம்தான். நூறு வருஷத் துரு கறுப்பா இருக்கும். இது நேத்து பேஞ்ச மழைல பூத்தது. நீங்கதான் ரிப்பேர் பண்ணீங்களா?"

"ஆமா சார். மதாமுக்கு ஒண்ணும் தெரியாது. எம் மேல எழுதிக்கோங்க."

"சாமான் அவங்களுது. அவங்க வீட்டுல இருந்தது. உங்க மேல மட்டும் எழுத முடியாது." மதிவாணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எத்தினி நாள் ஆச்சு இத சரி பண்ண?"

அந்த அறையில் பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. நாலு மாசம் என்று சொல்லியிருக்கலாம். மதாமுக்கு அதுதான் தெரியும்.

"பன்னெண்டு நாள்," என்றார் பாவாடை.

மதாமின் தலை திரும்பியது. பாவாடை தரையைப் பார்த்தார். மொசைக் தரை. கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி.

"கையில வேலை இருக்கு ஐயா உங்களுக்கு," என்றார் மதிவாணன். "பாருங்க. நான் இன்னும் ஒண்ணும் எழுதல. ஓடுற ஆயுதம்னு எழுதினா கேஸ். மேடம் இருபத்தெட்டாந்தேதி போக முடியாது. இன்னொண்ணு எழுதலாம். உரிமையாளர் சம்மதத்தோட, என் கண் முன்னாடி, இனி எப்பவும் ஓடாதபடி அழிச்சாச்சுன்னு. ஸ்பிரிங்கக் கழட்டறது, துரு ஏத்தறது எல்லாம் சரிவராது. ஆறு குழல்லயும் ஓட்டை போடணும். சுத்தி மூக்க அறுக்கணும். அச்ச வெல்டு வெச்சு ஒட்டணும். அப்புறம் தெய்வமே வந்தாலும் சரி பண்ண முடியாது. என் ஆள் லீவு. நீங்களே செய்யறீங்களா? இல்ல, எழுதிடட்டுமா?"

எழுதிக்கோங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம், என்னால முடியாது சார் என்று கையைக் காட்டினால் போதும். கையும் அப்படியே நடுங்குகிற மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். மனுஷர் நம்பிவிடுவார்.

"டிரில் இருக்குதா சார்?"

"இருக்கு."

"எட்டு எம்மெம் பிட்டு குடுங்க. புதுசா."

குழல்களை ஒவ்வொன்றாக மறை திருகிக் கழற்றினார். வைஸில் மாட்டினார். மருந்து போடுகிற அடிப்பக்கத்தில், வெடிப்பு தாங்க வேண்டிய இடத்தில் சரியாகப் புள்ளி குத்தினார். டிரில் இறங்கியது. சுருள் சுருளாக இரும்பு வந்தது, பளபளவென்று. நூற்றைம்பது வருஷத்துக்கப்புறமும் உள்ளே அந்த இரும்பு புதுசாக இருந்தது. எண்ணெய் கருகுகிற வாசனை எழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவதில் மதாம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கோணலாக ஒரு ஓட்டைகூட இல்லை. ஓரத்தில் பிசிறு வந்தால் அரம் போட்டு மழுக்கினார். சுத்தியின் மூக்கை அறுத்தார். அச்சை வெல்டு வைத்து ஒட்டினார். கடைசியில் கொக்கி. மதிவாணன் கொக்கியைச் சொல்லவில்லை. பாவாடையாகவே எடுத்து, சின்ன உளி வைத்து, ஒரே அடி. அரிசி அளவு மூக்கு எங்கேயோ தெறித்து விழுந்தது.

"இது எதுக்கு?" என்றார் மதிவாணன்.

"இருக்கட்டும் சார். அரைகுறையா உட்டா மனசு கேக்காது."

மூன்று மணிக்குக் கையெழுத்தாயிற்று. துப்பாக்கி சங்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போக அங்கேயே இருந்தது.

இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். சிக்னலில் வண்டி நின்றது. படுதாவின் ஓரமாகச் சாரல் அடித்தது.

"பன்னெண்டு நாளா?" என்றார் மதாம்.

"ஆமா மதாம்."

"ஜூலைலயே முடிஞ்சுபோச்சா?"

"ஜூலை பதினெட்டு."

"அப்ப மீதி நாளெல்லாம் அங்க ஒக்காந்து இன்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"கழட்டுவன். தொடைப்பன். மாட்டுவன்."

"அப்புறம்?"

"மறுபடியும் கழட்டுவன்."

மதாம் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ஜூலைலேருந்து உங்க காப்பிக்குன்னு நான் ஒரு பால் பாக்கெட் சேத்து வாங்கறேன்," என்றார். "தீபாவளிக்கு அப்புறம், வேலைதான் முடிஞ்சுபோச்சே, நிறுத்தச் சொல்லணும்னு நெனைச்சேன். தெனமும் பால்காரன் வருவான். தெனமும் சொல்ல மறந்துட்டேன்."

ஆட்டோ சந்துக்குள் திரும்பியது. இறங்கும்போது பாவாடை குடையைப் பிடித்தார். மதாம் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வாங்க."

"இனிமே வேலை ஒண்ணும் இல்லியே மதாம்."

"வேலை இல்லதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு பாவாடை போனார். ஜன்னல் ஓரத்து மேசையை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். புத்தகப் பெட்டி, பாத்திரப் பெட்டி எல்லாம் கயிறு கட்டித் தயாராக இருந்தன. நடுக் கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி மட்டும். உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முழங்கால்மேல் வைத்தார், எடுத்தார், நாற்காலிக் கையில் வைத்தார். துடைக்க ஒரு துணி இல்லை, பிடிக்க ஒரு அரம் இல்லை.

மதாம் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மழை விட்டுடும் போலருக்கு," என்றார் பாவாடை.

"ம்."

"பம்பு நல்லா ஓடுதா மதாம்?"

"பம்ப விடுங்க பாவாடை." மதாம் அவரையே பார்த்தார். "நாலு மாசமா வர்றீங்க. எங்க மிஸ்யே எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாருன்னுகூட உங்களுக்குத் தெரியும். நான் ஒண்ணு கேக்கவே இல்ல பாருங்க. உங்க வீட்டம்மா பேரு இன்னா?"

பாவாடை காப்பியைக் கீழே வைத்தார்.

மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார். மரணச் சான்றிதழ் மனுவில், ரேஷன் கார்டில் பெயர் நீக்குகிற ஃபாரத்தில், கேஸ் கனெக்‌ஷன் மாற்றுகிறபோது. எங்கே கேட்டாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கிறபோதே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய், இந்தா, என்றுதான். மகள் போனில் அம்மா என்பாள், அப்புறம் பேச்சை மாற்றிவிடுவாள். வாயால் அந்தப் பெயரைச் சொல்லும்படி ஒருத்தரும் கேட்கவில்லை.

"சுலோசனா," என்றார்.

கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.

"சுலோசனா மதாம்."

"எப்படி இருப்பாங்க?"

இருபத்தெட்டாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மதாம் அவசரப்படுத்தவில்லை. தன் காப்பியை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் குட்டை மதாம்," என்று ஆரம்பித்தார் பாவாடை.